மாமன் பேருக்கு இடமில்லை

எங்கள் அச்சகத்தில் அச்சடிக்கிற வேலை என் வீட்டுக்காரருடையது, பேசுகிற வேலை என்னுடையது. இந்தப் பாகப்பிரிவினையை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை நான் காலைக் காபி ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுவேன். அவருக்கு ஈய எழுத்துகள் போதும். எனக்கு ஆள் வேண்டும், அதுவும் பதில் சொல்கிற ஆள் வேண்டும்.

அவர் மதுரையில் ஒரு பெரிய அச்சகத்தில் பத்து வருடம் எழுத்துக் கோத்தவர். முதலாளியிடம் கூனிக்கொண்டு நின்றது போதும் என்று, காலால் மிதித்து ஓட்டுகிற பழைய டிரெடில் அச்சு எந்திரம் ஒன்றை வாங்கி, மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டோம். மதுரையில் தடுக்கி விழுந்தால் அச்சகத்தின் மேல்தான் விழ வேண்டும். மேலூர்ப் பக்கம் அப்போது அவ்வளவு இல்லை. ஆவணிக்குள் கடை கால் ஊன்றவில்லை என்றால் டிரெடிலை விற்றுவிட்டு அவர் பழைய இடத்துக்கே திரும்புவது என்று பேச்சு. திரும்பினால் அந்த மனுஷன் மறுபடியும் கூனிக்கொண்டு போய் நிற்க வேண்டும். கடையை நிற்க வைத்தே தீருவேன் என்று நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டேன்.

முதல் மாதத்திலேயே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அது முதலில் தெரிவது ஜோசியருக்கு. அடுத்து நகை ஆசாரிக்கு. பிறகு சமையல்காரருக்கு, பந்தல்காரருக்கு, மேளக்காரருக்கு. அச்சகத்துக்காரன் காதுக்கு வரும்போது ஊரில் பாதிப் பேர் என்ன சேலை கட்டுவது என்று முடிவு செய்திருப்பார்கள். பந்தியில் கடைசியாகப் போய் உட்கார்ந்தால் ரசம்தான் கிடைக்கும். அதனால் நான் நேரே தலைவாசலைப் பிடித்தேன். அதாவது, பின்வாசலை. வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு முழம் மல்லிகைப்பூவோடு ஜோசியர் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் அவர் சம்சாரத்தோடு உட்கார்ந்துவிடுவேன். முன்வாசலில் அவர் முகூர்த்தம் குறித்துக் கொடுப்பார். மை காய்வதற்குள் பின்வாசலில் எனக்குத் தேதி வந்துவிடும்.

மற்ற நாளெல்லாம் பஸ். மேலூருக்கும் கொட்டாம்பட்டிக்கும் நடுவில் நான் போன நடைக்கு ரோட்டிலேயே என் சாயல் விழுந்திருக்கும். முன் சீட்டில் பெண்களோடு உட்கார்ந்துகொண்டு யார் மடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். புதுக் குடமா? யார் வீட்டுச் சடங்கு? தாம்பாளமா? பரிசம் எப்போ? கண்டக்டர் என்னைப் பார்த்தாலே, "அச்சாபீஸ் அக்கா வந்திருச்சு, மடியில இருக்கிறத எல்லாம் மூடிக்கங்க" என்று கத்துவார். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும்!

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் என் வாய் ஒட்டிக்கொள்ளும். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் யாராவது ஒரு கிழவி எட்டி அவள் காதைத் தடவிப் பார்ப்பாள். "என்னத்தா, புள்ள மூளிக்காதா இருக்கு? காது குத்தலயா?" எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. ஒண்டியாகப் பிறந்து ஒண்டியாகக் கத்தி வளர்ந்தவள் நான். "குத்தணும் ஆத்தா, குத்தணும்" என்று சொல்லிவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

அந்த பஸ்ஸில்தான் ஒரு அக்காவைப் பிடித்தேன். அவருக்குக் கொட்டாம்பட்டியை அடுத்த ஒரு கிராமம். மடியில் சின்னப் பட்டுப்பாவாடை. விட்டேனா! அவர் இறங்குவதற்குள் மகளுடைய காதணி விழா அழைப்பிதழ் ஐந்நூறு எங்களுக்கு என்று பேசி முடித்துவிட்டேன். ஐந்நூறு! அதுவரை நாங்கள் அடித்ததெல்லாம் நூறும் நூற்றைம்பதும்தான். அன்று வீட்டுக்கு வந்து குதித்த குதியில் என் மகள் பயந்து அழுதுவிட்டாள்.

அந்த அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நான்கு பக்கத்துக்குப் பெயர் எழுதிக் கொண்டுவந்தார்கள். பங்காளிகள், சம்பந்தகாரர்கள், பெரியப்பன், சித்தப்பன் என்று ஊரே அதில் இருந்தது. கடைசி வரியில் தனியாக, தடித்த எழுத்தில், தாய்மாமன் பெயர். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் எழுத்துக் கோத்து, மாதிரி அடித்துக் காட்டினார். அவர்கள் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகுதான் என் புத்தி வேலை செய்தது. அழைப்பிதழின் அடியில் எங்கள் அச்சகத்தின் பெயர் எறும்பு அளவில் இருந்தது. ஐந்நூறு அழைப்பிதழ் ஐந்நூறு வீட்டுக்குப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் நானே போய் நின்று பேசினால்கூட இந்த விளம்பரம் கிடைக்காதே! "இந்தாங்க, நம்ம பேரைப் பெரிய எழுத்துல போடுங்க. சுத்தி பூக்கட்டம் போடுங்க" என்றேன்.

"எடம் இல்ல" என்றார். "ஒரு வரி இடிக்குது."

"எந்த வரி?"

"மாமன் வரி."

நான் ஒரு நிமிஷம்தான் யோசித்தேன். மேலேயே 'தாய்மாமன் மடியில் வைத்து' என்று வருகிறது. இருப்பது ஒரே மாமன். அவர் யார் என்று ஊருக்கே தெரியும். தெரிந்த விஷயத்தை அச்சடித்து எதற்கு? "எடுத்துருங்க" என்றேன்.

அவர் கையில் எழுத்துக் கோக்கிற குச்சியோடு என்னையே பார்த்தார். "மாமன் பேரும்மா அது."

"ஒங்களுக்கு எழுத்தைத் தெரியும். எனக்கு மனுசங்களைத் தெரியும். நான் சொல்றதக் கேளுங்க!"

கேட்டார். அதுதான் அவரிடம் உள்ள ஒரே கெட்ட பழக்கம். அண்ணன் தம்பி இல்லாதவளுக்கு அந்த வரியின் கனம் தெரியவில்லை என்று பின்னால் எல்லோரும் எனக்காகப் பேசினார்கள். எனக்கு அப்படி மட்டும் தோன்றவில்லை. கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கும். இவளுக்கு மட்டும் என்ன, தடித்த எழுத்தில் ஒரு அண்ணன்!

அழைப்பிதழ் வந்ததும் முதலாவதைச் சாமிக்கு வைப்பார்கள். இரண்டாவது, வெற்றிலை பாக்குத் தட்டோடு தாய்மாமன் வீட்டுக்குப் போகும். அந்த அக்காவும் வீட்டுக்காரரும் வேறு எதையும் பிரித்துப் பார்க்காமல் நேராகத் தட்டைக் கொண்டுபோயிருக்கிறார்கள். மாமன் கொட்டாம்பட்டி ரோட்டோரம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். கடையில் நாலு பேர் இருக்க, அழைப்பிதழைப் பிரித்து, பிள்ளையார் சுழியிலிருந்து சத்தமாக வாசித்திருக்கிறார். பங்காளிகள் வந்தார்கள், சம்பந்தகாரர்கள் வந்தார்கள், கடைசியில் பூக்கட்டத்துக்குள் நான் வந்தேன். தட்டைத் திருப்பி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அந்த அக்கா தலைவிரிகோலமாக எங்கள் கடைக்குள் வந்தார். "அடிப் பாவி! எங்கண்ணன் வர மாட்டேங்குதுடி! 'அச்சாபீஸ்காரி பேருக்கு எடம் இருக்கு, மாமன் பேருக்கு எடம் இல்லையா? அப்ப அச்சாபீஸ்காரி மடியிலயே வச்சுக் காது குத்துங்க'ன்னு சொல்லிருச்சு! எட்டு நாள்தான் இருக்கு. நான் யார் மடியில வைப்பேன்?"

அழுதுகொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே அழுதார். நுணலும் தன் வாயால் கெடும். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் போய் எழுத்துகளைப் பெட்டியில் அதனதன் குழியில் போட ஆரம்பித்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இரண்டே நாளில் பஸ்ஸில் எனக்குப் பட்டம் வந்துவிட்டது, 'பேரைத் தின்னி அச்சாபீஸ்.' பேசி வைத்திருந்த ஒரு கல்யாணப் பத்திரிகை கைவிட்டுப் போனது. கோயில் நோட்டீஸ் ஒன்றும் போனது. இந்தக் காதுகுத்து நின்றால் கொட்டாம்பட்டியிலிருந்து மேலூர் வரைக்கும் ஒருத்தன் எங்கள் படி ஏற மாட்டான் என்று தெரிந்துபோனது. மகளை அவரிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

சைக்கிள் கடையில் மாமன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். மீசை இரண்டு பக்கமும் ஹேண்டில்பார் மாதிரி. நான் யார் என்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார், குனிந்துகொண்டார். தப்பு என்னுடையது, தங்கச்சியின் தப்பு இல்லை என்றேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழிதான் பதில் சொன்னது.

சரி, பேச மாட்டீரா, நானும் போக மாட்டேன் என்று கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

சைக்கிள் கடை என்பது எப்பேர்ப்பட்ட இடம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். என் ஜோசியர் வீட்டுப் பின்வாசலெல்லாம் இதற்குக் கால் தூசி பெறாது! பொண்ணு பார்க்கப் போகிறவன் இங்கேதான் சைக்கிள் எடுக்கிறான். பத்திரம் எழுதப் போகிறவன் இங்கேதான் காற்றடிக்கிறான். வருகிறவனெல்லாம் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணே, யாருண்ணே இது?" என்பான். மாமன் டியூபைப் பார்த்துக்கொண்டே, "பேரைத் தின்னவ" என்பார். அவ்வளவுதான், அவன் பக்கத்தில் குந்திக் கதை கேட்பான். நான் முதல் நாலு பேருக்கு அழுதுகொண்டே சொன்னேன். அஞ்சாவது ஆளுக்குச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பூக்கட்டம் போடச் சொன்ன இடத்தை நடித்துக் காட்டினேன். எட்டாவது ஆள் சிரித்துச் சிரித்துப் புரையேறினான். "ஏத்தா, எங்க மாப்ள கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கணும், அவன் பேரையாவது விட்டு வைப்பியா?" என்று ஒருத்தர் கேட்டார். "மாப்பிள்ளை பேரு இருக்கும்ணே, பொண்ணு பேருக்குத்தான் உத்தரவாதம் இல்ல!" என்றேன். கடையே அதிர்ந்தது. மாமன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முதுகு குலுங்கியது.

சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு நேரமானது. எழுந்து அவர் எதிரில் போய் நின்றேன். "அண்ணே, ஒங்க பேர எடுத்தவ நானு. நானே போடுறேன். இந்த ரோடு பூரா சுவத்துல ஒங்க பேர ஒட்டுறேன். தாய்மாமன் சீரோட வர்றாருன்னு ஊரே வாசிக்கட்டும். எங்க அச்சாபீஸ் பேரு ஒரு மூலையிலயும் இருக்காது."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்ததற்கு முதல் வார்த்தை வந்தது.

"எம்புட்டுப் பெருசு?"

நான் கையை விரித்துக் காட்டினேன்.

மீசையைத் தடவினார். "கைய இன்னும் கொஞ்சம் விரி."

விரித்தேன். முடிந்த மட்டும் விரித்தேன். வாக்கு கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறின பிறகுதான் நினைவு வந்தது, எங்கள் டிரெடிலில் போகிற தாளே ஒரு ஸ்லேட்டு அளவுதான்!

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் ஒரு தாளை எடுத்து விரலால் அளந்து பார்த்தார். பிறகு, "ஒரு தாளுக்கு ஒரு எழுத்து" என்றார். அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கடைக்கு ஆள் வந்துவிட்டதால் விட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய எழுத்து எங்களிடம் ஏது? தச்சரிடம் தேக்குத் துண்டு வாங்கி, மாமன் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் இடவலம் மாற்றித் தன் கையாலேயே செதுக்கினார். மூன்று நாள் ராப்பகலாக டிரெடிலை மிதித்தோம். சிவப்பு மை. என் மகள் உள்ளங்கையிலும் மூக்கிலும் சிவப்பு. பாலில்கூடச் சிவப்பு வாசம்.

விழாவுக்கு முந்தின நாள் மைதாப் பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு போனோம். சைக்கிள் கடையிலிருந்து அந்த அக்கா ஊர் முக்கு வரை சுவர் சுவராக எழுத்து எழுத்தாக ஒட்டினோம். மாமன் எதிர்ச்சாரியில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த சுவரை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், முதல் சுவரில் அவர் பெயரின் கடைசி இரண்டு எழுத்தைக் காணோம். ஒரு வெள்ளாட்டுக் கிடா முன்னங்கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு, பசையோடு தாளை உரித்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் சிவப்பு ஒழுகியது.

போச்சு! எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமன் ஆட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்ப ஆட்டைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! "அடியே, ஒன் கூடப்பொறந்தது இங்க இருக்குடி! ஒன்ன மாதிரியே கடைசி வரியத் திங்குது!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் வீட்டுக்காரர், அந்த வாயில்லாத மனுஷன், பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஆட்டை விரட்டிக்கொண்டு ஓடினேன். ஓடிக்கொண்டே நானும் சிரித்தேன். கடைசியில் அந்தக் கிடா மாமன் சீருக்காக அவரே பிடித்து வைத்திருந்த கிடா என்று தெரிந்தது. "நாளைக்கு இத அறுக்கையில உள்ள என் பேரு இருக்கும்" என்றார்.

மறுநாள் மாமன் வந்தார். நடந்தா வந்தார்? கடையில் இருந்த வாடகை சைக்கிள் அத்தனையும் வரிசையாக வந்தது. ஒவ்வொரு கேரியரிலும் ஒரு சீர்த்தட்டு. பழம், தேங்காய், பட்டு, பூ. முன்னால் கொட்டு, வழியெங்கும் மணி. எல்லா சைக்கிளும் ஒரே நேரத்தில் மணியடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அந்த அக்கா வாசலில் நின்று அழுத அழுகையும் அந்தச் சத்தத்தில் காணாமல் போனது. குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து, காது குத்தும்போது மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீறிட்டது. மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

பந்தியில் எல்லோருக்கும் ஒரே கேள்வி. ரோடெல்லாம் அந்த எழுத்தை அடித்தது யார்? தாளில் அச்சகத்தின் பெயரே இல்லையே! மாமன் ஒவ்வொரு இலையாகப் போய்ச் சொன்னார். "நம்ம அச்சாபீஸ் தங்கச்சிதான். மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. வேற எங்கயும் போயிராதீக." பூக்கட்டம் போட்டு ஐந்நூறு பேருக்குச் சொன்னதை யாரும் கேட்கவில்லை, மாமன் இலைக்கு இலை சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். அதுக்கப்புறம் அவர் கடையில் சைக்கிள் எடுத்தவனெல்லாம் பத்திரிகைக்கு எங்களிடம்தான் வந்தான். ஆவணி வந்தது, போனது. டிரெடிலை விற்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்று பந்தி முடிந்து கிளம்பும்போது மாமன் என் இடுப்பிலிருந்த மகளைப் பார்த்தார். காதைத் தொட்டார். "என்னத்தா, இன்னும் குத்தலயா?"

என் வாய் ஒட்டிக்கொண்டது. சன்னலும் இல்லை, வேறு பக்கம் பார்க்க. "கூடப்பொறந்தவன் இல்லண்ணே" என்றேன்.

அவர் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை மேலூருக்கு சைக்கிள் மிதித்து வந்து எங்கள் கடை வாசலில் இறங்கினார். இறங்கின வேகத்திலேயே சத்தம் போட்டார். "ஜோசியர்கிட்ட தேதி கேட்டுட்டேன். தையில நல்ல நாள் இருக்கு. பத்திரிகை அடி. மாமன் பேரு எங்க வரணும்னு இப்பவாச்சும் தெரியுமா?"

தெரிந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் எழுத்துக் கோக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அதுவே பயமாக இருந்திருக்கும்.

சாமிக்கு ஒன்று வைத்துவிட்டு, இரண்டாவதை வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து நாங்கள் இரண்டு பேரும் கொட்டாம்பட்டி சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கடையில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி பிள்ளையார் சுழியிலிருந்து வாசித்தார். எங்கள் பக்கம் சொந்தம் கம்மி, சீக்கிரம் முடிந்துவிட்டது. கடைசி வரியில் தடித்த எழுத்தில் அவர் பெயர். சுற்றிப் பூக்கட்டம். அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு அதற்குக் கீழே பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எங்கத்தா, ஒன் அச்சாபீஸ் பேரக் காணம்?"

"எடம் பத்தலண்ணே" என்றேன்.

கிரீஸ் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கறுப்பாகிப்போனது.